இறக்கத்தில் அணைத்த எஞ்சின்

அவசர வேலை எனக்குப் பிடிக்காது, ஐயா. ஒரு போல்ட்டை முறுக்குவதற்கு முன்னால் அதன் புரியைத் துணியால் துடைத்து, எண்ணெய் தொட்டு வைப்பேன். பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மெக்கானிக் அழகன் கட்டிய எஞ்சின் ஒழுகாது என்றுதான் சொல்வார்கள். கந்தப்பன் ஒருவன்தான் வேறு மாதிரிச் சொன்னான்.

கந்தப்பன் கொழுந்து லொறி டிரைவர். நல்ல மனிதன்தான். வண்டியில் ஏறினால் மட்டும் யார் பேச்சும் காதில் ஏறாது. கீழ் மலையில் பறித்த கொழுந்தை ஏற்றிக்கொண்டு கோயில் மேட்டில் ஏறுவான். மேட்டைத் தாண்டியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் பேக்டரி வரைக்கும் உருட்டுவான். டீசல் மிச்சமாம், சூடும் ஆறிவிடுமாம். இந்தப் பக்கத்து டிரைவர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அந்தப் பழைய லொறியில் எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குப் பலம். அணைத்துவிட்டால் ஒன்றிரண்டு தடவை பிடிக்கும், அப்புறம் பெடல் கருங்கல்தான். அது இறுகினால் எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிச் சமாளிப்பான். எத்தனையோ முறை சொன்னேன். "அண்ணே, நீங்க ஸ்பேனரப் புடிங்க, நான் ஸ்டேரிங்கப் புடிக்கிறேன்" என்று எல்லோர் முன்னாலும் சிரிப்பான்.

போன மாதம் அந்த லொறி ஏற்றத்தில் வெள்ளைப் புகை கக்கியது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் எங்கேயும் ஒழுகவில்லை. மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டேன், உலை கொதிப்பதுபோல் குமிழி வந்தது. எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்தால் பால் தேத்தண்ணி நிறம். ஹெட் கேஸ்கட் போயிருந்தது. எஞ்சினுக்கும் அதன் மேலே உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய தகடு அது. தண்ணீர் பார்க்காமல் ஓட்டினால் சூட்டில் எரிந்துவிடும்.

கந்தப்பன், தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய்ச் சொன்னது வேறு. நானும் பக்கத்தில்தான் நின்றேன். "அழகண்ணன் கட்டுறது தாங்காதுங்க தொரை. டவுன் கராஜ்ல குடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சிரும்." துரை என்னைப் பார்க்காமலே தலையாட்டினார். இந்த ஒரு தடவை பார்க்கலாம், அப்புறம் வேர்க்ஷாப்பை மூடுவதா என்று யோசிக்கலாம் என்றார். வேர்க்ஷாப் போனால் எனக்கு வேலையும் இல்லை, குடியிருக்க வீடும் இல்லை. வயிறு எரிந்தது, ஐயா. அதை மறைக்க மாட்டேன்.

ஹெட்டைக் கழற்றி, கரியைச் சுரண்டி, நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஹெட் வளைந்திருந்தது. அதை நுவரெலியாவுக்கு அனுப்பி, மெஷினில் இழைத்து மட்டமாக்க வேண்டும். இழைக்காமல் புதுக் கேஸ்கட்டைப் போட்டுப் பூட்டினால், வெறும் வண்டியாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. பாரத்தோடு கோயில் மேட்டில் ஏறும்போது மறுபடியும் கொதிக்கும். கொதித்தால் கந்தப்பன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். கொதித்து நின்ற எஞ்சின் இறக்கத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆகாது என்றும் தெரியும். உருண்டு விழுந்த லொறியில் கேஸ்கட்டை யாரும் தேட மாட்டார்கள். சாவி அணைத்தபடி இருப்பதையும் கியர் நியூட்ரலில் இருப்பதையும்தான் பார்ப்பார்கள்.

நான் அதை இழைக்க அனுப்பவில்லை. அதைத் தவிர வேறு எந்தக் குறையும் வைக்கவில்லை. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, முறைப்படிதான் முறுக்கினேன். பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றினேன். சாவியை வாங்கும்போது கந்தப்பன், "சரியாயிருச்சாண்ணே?" என்று கேட்டான். "ஆயிருச்சு. நீ தாராளமா ஓட்டு" என்றேன். இறக்கத்தைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொன்னபோதெல்லாம் சிரித்தவன்தானே.

கொழுந்தை எடை போட்ட பிறகு, பறித்த பெண்கள் சாக்குகள் மேல் ஏறிக்கொண்டு வருவது எங்கள் தோட்டத்து வழக்கம். கூடாது என்று துரை சொல்லியிருக்கிறார். மழையில் யார் கேட்பார்கள்? அன்றும் மழை. மேட்டில் ஆவி பறந்ததை வேர்க்ஷாப் வாசலில் நின்று பார்த்தேன். பிறகு எஞ்சின் சத்தம் நின்றது. முதல் வளைவில் பிடித்தான், அடுத்ததிலும் பிடித்தான். ஆற்றுப் பக்கத்து வளைவில் பிடிக்கவில்லை, லொறி பள்ளத்தில் உருண்டது. கந்தப்பன் போய்விட்டான். ராக்காயி, அவள் மருமகள், சாக்குகள் மேல் இருந்த மற்றவர்கள், எல்லோரும் போய்விட்டார்கள். ராக்காயியை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் பொங்கல் கொடுத்தனுப்புவாள். ஆனால் நான் யாரையும் ஏறச் சொல்லவில்லை. கந்தப்பனை அணைக்கச் சொல்லவும் இல்லை. அவர்களைக் கொன்றது அவனுடைய பழக்கம்.

என் மனைவி ஜீவராணியும் கீழ் மலையில்தான் கொழுந்து பறிக்கிறாள். தினமும் அந்தச் சாக்குகள் மேல்தான் வருவாள். அன்று காலை பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, புறப்பட்டவளிடம், இன்றைக்கு மட்டும் நடந்து வா என்று சொல்லியிருந்தேன். மழையில் நனைந்துகொண்டே குறுக்குப் பாதையில் நடந்து வந்தாள். எல்லோரையும் அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், குளித்த ஈரத் தலையோடு என் முன்னால் நின்றாள். "ஏங்க, என்னய மட்டும் ஏன் நடந்து வரச் சொன்னீங்க?" என்று கேட்டாள். கெட்ட கனவு கண்டேன் என்றேன். மறுநாள் விடிந்ததும் பொலிஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தது அவள்தான் என்று எனக்குத் தெரியும்.

இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அந்தக் கனவு ஒன்றுதான், ஐயா.