வெட்டுற வரைக்கும் இறங்க மாட்டேன்

— பெல்ட்டைக் கழட்டுங்க அத்தான்.

— கழட்ட மாட்டேன்.

— இடுப்புல இருக்கறதைக் கழட்டச் சொல்லல. மரக்கொம்புல மாட்டியிருக்கீங்களே, அந்தக் கொக்கிய எடுத்து என் தூக்கு வண்டிக் கூடையோட வளையத்துல மாட்டுங்க. நான் கூடைய இறக்கறேன்.

— நல்லா கவனி அணிலு. நீ இறக்கினா கூடைதான் இறங்கும். நான் இங்கயே வௌவால் மாதிரி தொங்குவேன். அதுக்காகத்தான் கொம்புல மாட்டியிருக்கேன். யோசிக்காம செய்யல.

— யோசிச்சா செஞ்சீங்க? அதுதான் கவலையா இருக்கு.

— எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இந்தத் தூங்குமூஞ்சி மரத்தை இன்னைக்கே வெட்டறேன்னு சொல்லு. மறுநிமிஷம் இறங்கிடறேன்.

— மரத்தை வெட்டக் கூடாதுன்னு மரத்து மேல ஏறி உக்காந்து போராடினவங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். வெட்டுன்னு சொல்லி அதே மரத்துல ஏறின ஆளை இப்பத்தான் அத்தான் பாக்கறேன்.

— எதுக்கும் ஒரு ஆரம்பம் வேணும்ல.

— சரி, வெட்டறேன்னே வெச்சுக்குங்க. நீங்க உக்காந்திருக்கற மரத்தை நான் எப்படி வெட்டறது?

— அதை நான் இன்னும் யோசிக்கல. நீ முதல்ல வாக்குக் குடு.

— பட்டுப்போன கொம்பு இருக்கு, கிட்டப் போய்க் காட்டறேன்னுதானே கூடையில ஏறினீங்க?

— அது பொய்.

— வாத்தியாரே பொய் சொல்லலாமா?

— நான் கணக்கு வாத்தியார். பொய் சொல்லக் கூடாதுங்கறது தமிழய்யா நடத்தற பாடம்.

— கொத்தனார் வேலைய நிறுத்திட்டாரு. ஆளுங்க எல்லாரும் சிமெண்ட் மூட்டை மேல வரிசையா உக்காந்து உங்களைத்தான் பாக்கறாங்க.

— பாக்கட்டும். தினமும் நாப்பது பசங்க பாக்கற ஆளு நான்.

— அங்க தூங்கிட்டே பாப்பாங்க. இங்க முழிச்சுட்டு இருக்காங்க. மரம்தான் தூங்க ஆரம்பிச்சிருச்சு. இலை மடங்குது பாருங்க.

— அது மேகம் கறுத்ததால.

— நீங்க பேச ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் மடங்குச்சு.

— கிண்டலை விடு. வெட்டுவியா, மாட்டியா?

— அத்தான், போன மாசம் நகராட்சியில உங்களுக்கு என்ன சொன்னாங்க? வீடு கட்டற மனையில மரம் இருந்தா ரெண்டு வழி. வெட்டிட்டு பத்துக் கன்னு நட்டு வளக்கணும். இல்ல, மரத்தை வெச்சுட்டு, அடிமரம் எவ்வளவு அகலமோ அதுல பன்னிரண்டு மடங்கு தூரம் தள்ளி, சுத்தி வேலி போடணும். வீடு முடியற வரைக்கும் வேலிக்குள்ள மண்ணு தோண்டக் கூடாது, செங்கல் அடுக்கக் கூடாது, லாரி ஏறக் கூடாது. மண்ணு இறுகினா வேரு மூச்சு முட்டிச் செத்துப்போகும். எல்லாத்தையும் கேட்டுட்டு வேலிக்குக் கையெழுத்துப் போட்டது யாரு?

— நான்தான். பத்துக் கன்னுக்கு யாரு தண்ணி ஊத்தறது? வேலின்னா மரத்துக்கு ஒரு பாவாடை கட்டின மாதிரி இருக்கும்னு நெனச்சேன். நீ போட்டது பாவாடையா? சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்கு. என் மனைக்குள்ள நான் வரணும்னா பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட வணக்கம் சொல்லி, அவர் துணி காயற கொடிக்கு அடியில குனிஞ்சு வர வேண்டியிருக்கு. தினமும் 'நல்லா இருக்கீங்களா'ங்கறாரு. தினமும் நான் 'நல்லா இருக்கேன்'ங்கறேன். சலிச்சுப்போச்சு.

— நீங்க குடுத்த அளவுக்குத்தான் போட்டேன். அம்பத்தெட்டு அடி. என் வண்டியக்கூட சும்மா உள்ள ஏத்தல. கொம்பு அரைக்கற மெஷின்ல வந்த தூளை மெத்தை மாதிரி கொட்டி, அது மேல பலகை விரிச்சு, வேருக்கு வலிக்காம கொண்டுவந்து நிறுத்தியிருக்கேன். எதுக்காக? பட்டுப்போகாத ஒரு கொம்பைப் பாக்கறதுக்காக.

— உன் வேலையில குறை சொல்லல. ஆனா வீட்டுல சமையல்கட்டும் பின்னாடி ரெண்டு ரூமும்தான் தப்பிச்சுது. முன்ரூம் மொத்தமும் வேலிக்குள்ள போயிருச்சு. நாளைக்கு அஸ்திவாரம் தோண்ட வண்டி வருது. எங்க தோண்டச் சொல்வேன்?

— முன்ரூம் இல்லாம கட்டுங்க.

— அது மட்டும் முடியாது.

— ஏன், ஒரு ரூம் குறைஞ்சா என்ன?

— அது உங்க அக்காவோட ரூம்.

— அக்காவோடதா?

— தெருவைப் பாத்த மாதிரி பெரிய ஜன்னல். துணி வெட்ட நீளமா ஒரு மேஜை. ரெண்டு தையல் மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி. கல்யாணமான புதுசுல சொன்னேன், ஒருநாள் வீட்டுலயே உனக்குக் கடை வெச்சுத் தரேன்னு. இன்னும் அவ பஸ் ஸ்டாண்டு மாடியில, காத்து வராத எடத்துல, அஞ்சு பேரோட முட்டி இடிச்சுட்டு உக்காந்து தைக்கறா. ரெண்டு பஸ் மாறிப் போறா, ரெண்டு பஸ் மாறி வர்றா. இப்ப சொந்தமா வீடு கட்டறேன். அதுல அவளுக்கு ஒரு ரூம் இல்லைன்னா அப்புறம் நான் என்ன புருஷன்?

— இதைக் கீழ இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமே அத்தான்.

— கீழ சொன்னா நீ சிரிப்ப.

— இப்பவும் சிரிச்சுட்டுத்தான் இருக்கேன். உயரத்துல இருக்கறதால உங்களுக்குத் தெரியல.

— மரமா, உங்க அக்காவான்னு வந்தா நான் என்ன செய்ய? ரம்பம் உன்கிட்ட இருக்கு. கொம்பை அரைக்க உன் பகாசுரன் மெஷின் இருக்கு. வெட்டித் தள்ளு. பத்துக் கன்னும் நடறேன். தினமும் பேரு சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணி ஊத்தறேன்.

— மரம் வெட்டறது எனக்குத் தொழில்தான். வெட்ட வேண்டியதுன்னா ஒரு வார்த்தை கேக்காம வெட்டிட்டுப் போயிட்டே இருப்பேன். இது நல்ல மரம். இன்னும் உங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும். ஒண்ணு செய்யலாம். அக்காவோட ரூம்தானே? அக்கா வாயால வெட்டுன்னு சொல்லட்டும், வெட்டறேன். ஃபோன் பண்ணிட்டேன், வந்துட்டு இருக்கா.

— ஃபோன் பண்ணிட்டியா? என்ன சொன்ன?

— அத்தான் மரத்து மேல இருக்காருன்னு சொன்னேன்.

— அதுக்கு அவ?

— சாப்பிட்டாரான்னு கேட்டா.

— வேற ஒண்ணும் கேக்கலையா?

— எந்தச் சட்டைன்னு கேட்டா. புதுசு கிழிஞ்சிடப் போகுதாம்.

— மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு சிரிக்காத அணிலு. தெரியுது.

— எங்க தெரியுது? மரம்தான் மறைக்குதே.

— எங்க மறைக்குது? ரெண்டு தோளும் ரெண்டு பக்கமும் துருத்திட்டு இருக்கு. உன்னையே மறைக்கல, இது ஒரு மரம். கொஞ்சம் இரு.

— இருக்கேன். நான் எங்க போறது, என் வண்டிதான் உங்களோட மாட்டிட்டு இருக்கே.

— பேசாத. அப்படியே நில்லு. தோளைக் குறுக்காத.

— ஃபோட்டோவா எடுக்கறீங்க?

— நல்லா கவனி. நீ போட்ட வேலி எவ்வளவு?

— அம்பத்தெட்டு அடி.

— அதைப் பன்னிரண்டால வகுத்தா கிட்டத்தட்ட அஞ்சு அடி. அப்ப இந்த மரம் அஞ்சு அடி அகலம் இருக்கணும். அவ்வளவு அகலம்னா நீ, கொத்தனார், கொத்தனாரோட வயிறு, மூணும் பின்னாடி ஒளிஞ்சுக்கலாம். உன் ஒல்லி உடம்பையே மறைக்க முடியலை. இது மிஞ்சிப்போனா ஒன்றரை அடி.

— அளவு எடுத்தது நீங்கதானே?

— நான் எங்க எடுத்தேன்? அன்னைக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்திட்டு இருந்தேன். பன்னிரண்டு மடங்கு வேலிக் கணக்கைச் சொல்லி உங்க அக்காவைத்தான் அகலம் எடுத்துட்டு வரச் சொன்னேன். சீட்டுல எழுதிக் குடுத்தா, பன்னிரண்டால பெருக்கி உன்கிட்ட குடுத்தேன்.

— எதை வெச்சு எடுத்தா?

— அவ கழுத்துல தொங்குமே, அந்த டேப்புதான்.

— அத்தான்.

— புரியுது. நீயே சொல்லு, தையல்காரங்க எப்படி அளவு எடுப்பாங்க?

— சுத்தி எடுப்பாங்க.

— நெஞ்சு?

— சுத்தி.

— இடுப்பு?

— சுத்தி.

— மரத்தோட இடுப்பைச் சுத்தி அளந்துட்டு வந்திருக்கா. அவ குடுத்தது அகலம் இல்ல அணிலு, சுத்தளவு. பை! எல்லாம் பை பண்ணின வேலை!

— பை விழுந்துருச்சா? எங்க, கீழ ஒண்ணும் காணோமே.

— துணிப்பை இல்ல. வட்டத்துல வர்ற பை. சுத்தளவை மூணு சொச்சத்தால வகுத்தாத்தான் அகலம் வரும். நான் வகுக்காம விட்டேன். பன்னிரண்டால மட்டும் பெருக்கினேன்.

— எத்தனை வருஷமா பசங்களுக்கு வட்டம் நடத்தறீங்க?

— அதை இப்பக் கேக்கணுமா?

— கொத்தனார் கேக்கச் சொல்றாரு.

— தளர்ச்சிக்குன்னு ரெண்டு விரல் வேற கூட விட்டிருப்பா. வளர்ற பிள்ளைக்குச் சட்டை தைக்கற மாதிரி. அவ சுத்தி அளந்தா, நான் கேக்காம பெருக்கினேன், நீ கேக்காம வேலி போட்ட. குடும்பமா உக்காந்து ஒரு தப்பைத் தைச்சிருக்கோம்.

— நானும் அசந்துட்டேன். வாத்தியார் போட்ட கணக்கைப் போய் யாராவது சரிபாப்பாங்களான்னு விட்டுட்டேன். இருங்க, நானே அளக்கறேன். அத்தான், சரியா ஒன்றரை அடிதான்.

— ஒன்றரைய பன்னிரண்டால பெருக்கு. பதினெட்டு. வேலி வெறும் பதினெட்டு அடி! முன்ரூம் முழுசா வேலிக்கு வெளிய வருது. வாசப்படி வருது. ஜன்னல் வருது. ஜன்னலைத் திறந்தா மரத்தோட நிழல் மேஜை மேல விழும். மரமும் இருக்கும், கடையும் இருக்கும். கை தட்டறது யாரு?

— சிமெண்ட் மூட்டைக்காரங்க. நானும் தட்டறேன். கொக்கிய மாத்துங்க, இறக்கறேன்.

— மாத்திட்டேன். இறக்கு. மெதுவா. இங்கருந்து பாத்தா அழகாத்தான் இருக்கு அணிலு. பாவம் மரம், இதைப் போய் வெட்டச் சொன்னேனே.

— மரம் கேக்கல, தூங்கிட்டு இருக்கு. அக்கா வந்தாச்சு. பொறுமையா நடந்து வர்றா பாருங்க.

— என்னங்க, சட்டை கிழியலையே?

— சட்டைய விடு டெய்லரம்மா. உனக்கு ஒரு சந்தோஷமான சேதி. முதல்ல சொல்லிடறேன், உன் மேல எனக்குக் கோவமே கிடையாது.

— எதுக்குக் கோவம்?

— அன்னைக்கு மரத்தை அளந்தியே, அகலத்துக்குப் பதிலா சுத்தளவு எடுத்துட்ட. அதனால வேலி மூணு பங்கு பெருசாகி உன் ரூமையே முழுங்கிருச்சு. பரவால்ல, யாருக்கும் வர்றதுதான். தொழில் பழக்கம். இப்பக் கண்டுபிடிச்சாச்சு.

— அத்தான்தான்கா கண்டுபிடிச்சாரு. மரத்து மேலருந்து.

— ஓ.

— இன்னைக்கே வேலிய உள்ள தள்ளறோம். நாளைக்கு உன் ரூமுக்கு அஸ்திவாரம் தோண்டறோம்.

— ம்.

— என்னக்கா, சந்தோஷமா இல்லையா உனக்கு?

— வேலி இருக்கற எடத்துலயே இருக்கட்டும் அணிலு.

— ஏன் டெய்லரம்மா? மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. கணக்குப் போட்டுப் பாத்தாச்சு.

— மரத்துக்கு இல்லங்க, எனக்கு. எனக்கு வீட்டுல கடை வேண்டாம்.

— வேண்டாமா? காத்து வராத அந்த மாடிதான் வேணுமா?

— காத்து வராது. ஆனா அங்க நாங்க ஆறு பேரு. ஒருத்தி பாடுவா. ஒருத்தி, ஜாக்கெட் இறுக்கம்னு சண்டைக்கு வர்றவங்களை அப்படியே நடிச்சுக் காட்டுவா. சிரிச்சு சிரிச்சு ஊசியக் கையில குத்திக்குவோம். நீங்க ரெண்டு பஸ், ரெண்டு பஸ்னு வருத்தப்படறீங்க. ரெண்டுலயும் எனக்கு ஜன்னல் சீட்டு. அந்த நேரத்துல என்னை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. வீட்டுல கடை வெச்சா, நூல் கோக்கறதுக்குள்ள 'காபி இருக்கா'ன்னு எட்டிப் பாப்பீங்க.

— நான் கேக்க மாட்டேன்.

— கேப்பீங்க அத்தான்.

— நீ சும்மா இரு அணிலு. ஏன்மா, இதை ஒரு தடவை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?

— எப்படிச் சொல்றது? அந்த ரூமைப் பத்திப் பேசறப்ப உங்க முகத்தை நீங்க பாத்ததில்ல. ஜன்னலுக்கு என்ன கலர்னுகூட முடிவு பண்ணி வெச்சிருந்தீங்க.

— பச்சை.

— பச்சைதான்.

— அப்ப இன்னைக்கு நான் எதுக்கு மரத்து மேல ஏறினேன்?

— எனக்காக ஏறினீங்க. எல்லாருக்கும் சொல்லப்போறேன். நாளைக்கு மாடியில இதை நடிச்சுக் காட்டினா சாயங்காலம் வரைக்கும் ஒரு துணி நகராது.

— நடி, நடி. சிரிக்காத அணிலு, கூடைய ஒழுங்கா இறக்கு. ம். யோசிச்சுப் பாத்தா, எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்திருக்கு. நீ மட்டும் அன்னைக்குத் தெரியாத்தனமா சுத்தளவு எடுக்காம இருந்திருந்தா, இந்நேரம் உனக்குப் பிடிக்காத ரூமுக்கு நான் பச்சை பெயிண்ட் வாங்கிட்டு வந்திருப்பேன்.

— தெரியாத்தனமாவா? இருபது வருஷமா துணி வெட்டறேங்க. அகலம் எது, சுத்தளவு எதுன்னு எனக்குத் தெரியாதா?