ரிலீவர் வரும் வரைக்கும்

— சுத்தி வளைக்காதே கமரு. நர்ஸுகளோட பதிவு வாரியம் நாலு வருஷமா செத்துக் கெடந்தது, அதைத் திரும்ப அமைக்கப் போறா. ரொம்ப சந்தோஷம். அதைச் சொல்ல இந்த வெய்யில்ல பாலக்கரையிலேர்ந்து ஸ்ரீரங்கத்துக்கு ஓடி வரணுமா? போன்ல சொன்னா ஆகாதா?

— போன்ல சொன்னா நீங்க பாதியில கட் பண்ணிடுவீங்க வல்லி சிஸ்டர். நேர்ல வந்தா உங்க வீட்டு ரசம், அந்தச் சாத்தமுதாவது கெடைக்கும்.

— தரேன், இப்போதான் எறக்கினேன். டம்ளர்லயா, கிண்ணத்துலயா?

— டம்ளர்ல. நாம ஒண்ணா டூட்டி பாக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து டம்ளர்லதான் குடிக்கிறேன். இன்னும் கேக்குறீங்க.

— மரியாதைக்குக் கேட்டேன். மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? கேஸ் போட்டது நீ. ஊர் ஊராப் போய் நர்ஸுகளைச் சேத்தது நீ. மந்திரி ஆபீஸ் வாசல்ல மயக்கம் போட்டு விழுந்ததும் நீ. ஜெயிச்சவ மொகமா இது?

— அது மயக்கம் இல்ல, சுகர் எறங்கிடுச்சு. அங்க நின்ன போலீஸ்காரர் பாவம், பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனாரு. சுத்தி நிக்கிறது பூரா நர்ஸுதாங்கன்னு சொல்லி உக்கார வெச்சோம்.

— சரி, இப்போ என்ன குறை? வாரியத்துல திருச்சிக்கு ஒரு இடம் உண்டுன்னு சொன்னியே. அதுல நீதானே உக்காரப் போறே?

— அதான் இல்ல. என்னால உக்கார முடியாது.

— ஏனாம்?

— கேளுங்க. உறுப்பினராகணும்னா நம்ம பதிவு நடப்புல இருக்கணும். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்போம்ல, அது. என்னோடது வாரியம் மூடின வாரமே முடிஞ்சு போச்சு. புதுப்பிக்கணும்னா வாரியம் வேணும். வாரியத்துல உக்காரணும்னா புதுப்பிச்சிருக்கணும்.

— நன்னாயிருக்கு போ. சாவியை உள்ள வெச்சுட்டு வெளியில நின்னு கதவைச் சாத்தின கதை. நீ தெனமும் வார்டுக்குப் போயிண்டுதானே இருக்கே? அதுக்கு மட்டும் பதிவு வேண்டாமா?

— வாரியம் வர்ற வரைக்கும் வேலை பாத்துக்கலாம்னு ஒரு உத்தரவு போட்டுட்டாங்க. ஊசி போடலாம், ரத்தம் ஏத்தலாம். வாரியத்துல நாற்காலி போட்டு உக்காரத்தான் கூடாது.

— ரங்கா, ரங்கா. அப்போ யார்தான் உக்காரலாம்?

— மூடுறதுக்கு முந்தின ஒரு வருஷத்துல யார் புதுப்பிச்சாங்களோ, அவங்களோடதுதான் இன்னிக்கு நடப்புல இருக்கு. அதோட நெறைய வருஷம் சர்வீஸும் வேணும். இதை வெச்சு ஜில்லாவையே சலிச்சுப் பாத்தோம். வெளிநாடு போனவங்க, மாட்டேன்னவங்க போக நிக்கிறது ரெண்டு பேரு.

— யாரு?

— ஒண்ணு மலர்க்கொடி. துவாக்குடி தாண்டி ஹைவேல ஒரு புது நர்ஸிங் காலேஜ் வந்திருக்கே, அதோட முதலாளிக்கு மச்சினி.

— அந்தக் காலேஜா? அங்க படிச்ச பொண்ணு ஒருத்திதான் நம்ம வீதி முனை க்ளினிக்ல இருக்கா. போன மாசம் எனக்கு ட்ரிப் போட்டா. ட்யூப்ல காத்துக் குமிழ் ஓடி வரது, அவ செல்போனைப் பாத்துச் சிரிச்சிண்டிருக்கா. நானே எழுந்து நிறுத்தினேன். கோவிச்சுக்கவும் முடியலே. வார்டுன்னா என்னன்னே யாரும் அவளுக்குக் காட்டலியாம்.

— அந்தக் காலேஜைப் போய் சோதிச்சு, அனுமதி கொடுக்கலாமா வேணாமான்னு சொல்ல வேண்டியது வாரியம். அதுல அவங்க மச்சினியே உக்காந்தா யாரு சோதிக்கிறது?

— பாலுக்குப் பூனை காவல்தான். சரி, இன்னொருத்தர் யாரு?

— சாத்தமுதுல இன்னிக்கு மிளகு தூக்கலா இருக்கு சிஸ்டர்.

— கமரு.

— நீங்கதான்.

— டம்ளரைக் கீழ வை. வெச்சுட்டு பஸ்ஸைப் பிடி.

— பாத்தீங்களா, இதுக்குத்தான் நேர்ல வந்தேன். இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள பேரு கொடுக்கணும். கொடுக்கலேன்னா அந்தம்மாதான்.

— நான் ரிட்டயர் ஆனவ. விடியக்காலம் கோவில்ல விஸ்வரூபம் சேவிக்கறேன், ஆத்துக்கு வந்து தளிகை பண்றேன், சாயரட்சை தாயார் சன்னிதிக்குப் போறேன். நன்னாயிருக்கேன் கமரு. பெருமாள் என்னைக் குறையில்லாம வெச்சிருக்கார். மெட்ராஸ் ரயிலும் மீட்டிங்கும் எனக்கெதுக்கு?

— மாசம் ஒரு தடவைதான். உங்க பெருமாள் ஒரு நாள் பொறுத்துக்க மாட்டாரா?

— அவர் பொறுத்துப்பார். எனக்குத்தான் மனசு ஒப்பலே. உன் போராட்டத்துக்கு ஒரு நாள் வந்திருக்கேனா? நீ கூப்பிட்டப்பல்லாம் ஏகாதசின்னேன், ஆழ்வார் திருநக்ஷத்ரம்னேன்.

— ஒரு தடவை வந்தீங்க. அண்டா நெறைய புளியோதரை கொண்டாந்தீங்க.

— கொடுத்துட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன். கோஷம் போடறதைக் கேட்டாலே எனக்கு ஓடிப்போயிடலாம்னு தோணும். நீ உழுத நெலம்டி அது. அறுக்கறச்சே நான் வந்து நிக்கவா? எனக்கு வெக்கமா இருக்காதா?

— யாரு அறுக்கச் சொன்னா? மாடு மேஞ்சிடாம வரப்புல உக்காரச் சொல்றேன்.

— அதுவும் என் பதிவு நடப்புல இருக்கறதே என் சாமர்த்தியம் இல்லே. உனக்குத் தெரியாததா? எங்காத்துக்காரர் ஆஸ்பத்திரியில இருந்த சமயம். எது கிழக்கு எது மேக்குன்னு தெரியாம அலைஞ்சிண்டிருந்தேன். பதிவாவது ஒண்ணாவது. அவர் பரமபதிச்சு, காரியமெல்லாம் முடிஞ்சு, ஒரு நாள் தபால்ல வந்து விழறது, புதுப்பிச்ச கார்டு.

— ஆமா. அண்ணன் யார்கிட்டயாவது சொல்லி ஏற்பாடு பண்ணியிருப்பாரு.

— அப்படித்தான் வீதி பூராவும் சொல்லிண்டிருக்கேன். போறச்சேகூட எனக்கு ஒரு காரியம் முடிச்சு வெச்சுட்டுப் போயிருக்கார் பாருங்கோன்னு.

— பின்ன? அண்ணன் அப்படிப்பட்ட மனுஷர்தானே.

— அது சரி. வாரியம் மூடின கடைசி நாள்ல நீ மெட்ராஸ் போனியே. நம்ம வார்டுலேர்ந்து போனது நீ ஒருத்திதான். போயும் உன்னோடது ஏன் ஆகலே?

— யா அல்லா, அந்தக் கூட்டத்தை ஏன் கேக்குறீங்க. தெரு வரைக்கும் வரிசை. ஒரு ஆளுக்கு ஒரு டோக்கன், ஒரு டோக்கனுக்கு ஒரு பேருதான்னுட்டாங்க. அப்புறம் கவுண்டரைச் சாத்திட்டாங்க.

— உனக்கு டோக்கனே கெடைக்கலியா?

— கெடைச்சுது. கெடைச்சு என்ன பண்றது, நம்ம நேரம். விடுங்க சிஸ்டர், பழைய கதை.

— சரி, விட்டேன். இன்னும் கொஞ்சம் சாத்தமுது விடட்டுமா?

— ஊத்துங்க. ஊத்திக்கிட்டே ஒண்ணு கேளுங்க. அந்த வாரியத்துல இருந்தவங்க, பதவிக்காலம் முடிஞ்சுதுன்னு சாயந்திரம் விளக்கை அணைச்சுட்டு வீட்டுக்குப் போனாங்க. அடுத்த ஆள் வந்தாச்சான்னு ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நம்ம டூட்டியில என்னிக்காவது அப்படிப் போயிருக்கமா?

— அதெப்படிப் போவோம்? ரிலீவர் வர வரைக்கும் வார்டை விட்டு அசையப்படாது.

— எம் பையன் இம்தியாஸ் கைக்குழந்தையா இருந்தப்ப, ஒரு மழைநாள், நான் வரவே லேட்டாயிடுச்சு. நைட் டூட்டி முடிஞ்ச நீங்க மத்தியானம் வரைக்கும் நின்னீங்க.

— நின்னேன். நீ நனைஞ்சு வந்தே. ஒவ்வொரு கட்டிலா உன்னை அழைச்சிண்டு போய், இவருக்கு ஜுரம் விட்டிருக்கு, இவர் ராத்திரி தூங்கலே, இந்தப் பாட்டில் இன்னும் பாதி இருக்குன்னு ஒப்படைச்சுட்டுத்தான் கெளம்பினேன்.

— அதத்தான் சொல்றேன். நாலு வருஷமா இந்த வார்டுல நர்ஸே இல்ல சிஸ்டர். திருவெறும்பூர் பவித்ராவுக்கு ஜெர்மனியில வேலை ரெடி. இவ பதிவைப் புதுப்பிச்சு, சரியா இருக்குன்னு சொல்ல வாரியம் இல்லாம வீட்டுல குந்தியிருக்கா. அவளுக்குப் பின்னாடி எத்தனையோ பிள்ளைங்க. இப்பதான் கதவு தொறக்குது. உள்ள போயி நிக்க ஒரு ஆள் வேணும். உங்களைத் தவிர எனக்கு வேற நம்பிக்கை இல்ல.

— உனக்கு வருத்தமா இல்லியா?

— இருக்கு. ஏன் பொய் சொல்லணும்? நேத்து விஷயம் தெரிஞ்சதும் பாத்ரூம்ல குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதேன். அப்புறம் உங்க ஞாபகம் வந்துச்சு. நிம்மதியாத் தூங்கிட்டேன்.

— என் தூக்கத்தைக் கெடுத்துட்டு நீ தூங்கினியாக்கும்.

— நீங்கதான் ரிட்டயர் ஆனவங்க. மத்தியானம் தூங்கிக்குங்க.

— சரி. பேரைக் கொடு.

— சிஸ்டர்.

— இரு, துள்ளாதே. நான் உக்காரப் போறது ரிலீவரா நீ வர வரைக்கும்தான். மொத மீட்டிங்ல மொத காரியமா நின்னு போன புதுப்பிக்கற வேலையை ஆரம்பிக்கச் சொல்வேன். உன் கார்டு உன் கைக்கு வந்த மறுநாள் நான் எழுந்துக்கறேன். நீ வந்து உக்காரு. சட்டத்துல அதுக்கு எடம் இருக்கோ இல்லியோ?

— இருக்கு. ஒருத்தர் விலகினா அதே ஜில்லாவுலேர்ந்து வாரியமே இன்னொருத்தரை எடுத்துக்கலாம். ஆனா ஏன் எழுந்துக்கணும், நீங்களே இருங்க சிஸ்டர்.

— ரிலீவர் வந்தப்புறமும் வார்டுல சுத்திண்டிருந்தா, அது வார்டுக்கு நல்லதில்லே. ஒவ்வொண்ணா ஒப்படைச்சுட்டுப் போவேன். எந்தக் காலேஜ்ல ஜுரம், எந்தக் காலேஜுக்கு இன்னும் பாதி பாட்டில் இருக்குன்னு.

— அந்த ஹைவே காலேஜை மொதல்ல பாருங்க.

— அங்க ஐ.சி.யூதான். அந்த ட்ரிப் போட்ட பொண்ணையும் கூட அழைச்சிண்டு போறேன். அவளாவது ஒரு வார்டைப் பாக்கட்டும். சரி, மொதல்ல புதுப்பிக்க வேண்டிய பேர் கமருன்னிசா. எழுதிக்கோ.

— இல்ல சிஸ்டர், மொதப் பேரா என்னைப் போடாதீங்க. எனக்கென்ன அவசரம், வேலை ஓடிக்கிட்டுத்தானே இருக்கு. பவித்ராவைப் போடுங்க. அந்தப் பிள்ளை பாவம், விசாவும் இல்லாம கல்யாணமும் இல்லாம ரெண்டுங்கெட்டானா நிக்குது. நான் கடைசியில பாத்துக்கிறேன்.

— மறுபடியுமா?

— என்ன மறுபடியும்?

— உன் கையில இருக்கற டோக்கனை இன்னொருத்தி பேருக்குக் கொடுக்கறது.

— சிஸ்டர், அது அண்ணன் பண்ணினதுன்னு நீங்கதானே வீதியெல்லாம்...

— சொன்னேன். நீ மறைக்கணும்னு ஆசைப்பட்டே. நானும் மறைச்சேன். என் சர்ட்டிபிகேட் நகலெல்லாம் இருந்தது வார்டு பீரோவுல, அதோட சாவி இருந்தது உன் இடுப்புல.

— அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல உங்க மொகத்தைப் பாத்துட்டுத்தான் சிஸ்டர் நான் ரயில் ஏறினேன். கவுண்டர்ல பேரு என்னன்னு கேட்டான். வாயில உங்க பேருதான் வந்துச்சு. உங்களுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?

— கார்டு வந்த அன்னிலேர்ந்து. அந்த வாரம் பூரா வென்டிலேட்டர்ல கெடந்த மனுஷர், மெட்ராஸ்ல எனக்காக ஆள் அனுப்பி லைன்ல நிக்க வெச்சார்னு நம்பணும்னா கமரு, நான் நர்ஸா இல்லாம இருக்கணும்.