ஆற்றங்கரையில் எட்டாம் நாள்

மத்தியானம் இரண்டு மணி. ஆள் அரவமே இல்லாத செம்மண் சாலை... பேய் வருகிற நேரமா இது என்று யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் எழுந்து போய்விடுவேன். ஆப்பிரிக்காவில் மத்தியானம் இரண்டு என்றால், இங்கே நம் கெமாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இரவு எட்டு. ரவிச்சந்திரன் அதை யோசிக்கவே இல்லை.

ரவி வேறு யாருமில்லை, நம் ஷங்கருடைய பெரியம்மா மகன். மந்தின் ஊர்க்காரன். ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானாவில், ஒரு சுரங்கத்தில் வேலை. கூட வேலை செய்தவன் சத்தியசீலன். கெமாஸ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன், வீட்டுக்கு ஒரே மகன். ஊரைவிட்டு அவ்வளவு தூரம் போனவர்களுக்கு ஒருத்தனுக்கு ஒருத்தன்தானே எல்லாம்?

அந்த வாரம் நீண்ட லீவு. இரண்டு பேரும் அந்த ஊர்க்காரன் கபோவைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் ஒரு குடிசை எடுத்துத் தங்கினார்கள். இறைச்சி வாட்டுவதும், பீர் குடிப்பதும், தண்ணீரில் நீர்யானை மூச்சு விடுவதைக் கேட்பதும்... சீலனுக்கு ஒரே குஷி. தீபாவளிக்கு டிக்கெட் போட்டாயிற்று, அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று அதே பேச்சு. ரவிக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

ஏனென்றால் சீலனுடைய அம்மா செல்லம்மா போன வாரமே இறந்துபோய்விட்டார். காலையில் குளிக்கப் போனவர், அங்கேயே விழுந்துவிட்டார். அது சீலனுக்குத் தெரியாது.

எல்லாம் தங்கச்சி லோகேஸ்வரி எடுத்த முடிவு. அண்ணன் வந்து சேர இரண்டு நாள் ஆகும், முகத்தைக்கூடப் பார்க்க முடியாது, அந்தக் காட்டில் தனியாகக் கிடந்து என்ன செய்துகொள்வானோ என்ற பயம். சொந்தக்காரர்கள் ஒருவரும் மூச்சு விடவில்லை. சீலன் போன் போட்டால், அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியவில்லை என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு, பாவம், அவள் அழுவாள். ரவியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது பக்குவமாகச் சொல்லச் சொன்னாள். அதற்காகத்தான் இவன் அந்தப் பயணத்தையே ஏற்பாடு செய்தான். சொல்ல வாயெடுப்பான்... சீலன் சிரிப்பான்... நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவான். பெற்ற தாய் செத்தது தெரியாமல் ஒருத்தன் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசா?

அன்றைக்கு எட்டாம் நாள். எட்டுப் படையல் உங்களுக்குத் தெரியாததா? செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர் வந்து சாப்பிடட்டும் என்று. தோட்டத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

அதே நேரம், ஆற்றங்கரையில்... ஒரு வாடை. முதலில் லேசாக. அப்புறம் குப்பென்று. ரப்பர் ஒட்டுப்பால் புளித்த நாற்றம். செல்லம்மா மாதிரி பால்மரம் வெட்டுகிறவர்கள் உடம்பில் ஊறிப்போய் இருக்குமே, அது. சுற்றிலும் முள்மரம், காய்ந்த புல். ரப்பர் மரத்துக்கு அங்கே எங்கே போவது?

பிறகு சத்தம். சப்... சப்... ஈரச் சிலிப்பர் போட்டு யாரோ நடக்கிற மாதிரி. மழை பெய்து மாதக்கணக்கான மண். சாலையிலிருந்து வந்தது... நின்றது.

சீலன் நிமிர்ந்து பார்த்தான். பதற்றமே இல்லை.

"அம்மா ஏன்டா அங்கேயே நிக்குது?"

ரவி பார்த்தான். சாலையில் ஒருவரும் இல்லை. சீலன் ஒரு தட்டில் சோற்றையும் இறைச்சியையும் போட்டு எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். அவனைப் பிடித்து நிறுத்தத்தான் ரவி எழுந்தான். அப்போது போன் அடித்தது. லோகேஸ்வரி. விம்மி விம்மி அழுகிறாள்.

"அண்ணே... கதவத் தொறந்தாச்சு. அம்மா வரலண்ணே. வச்சது வச்சபடியே இருக்கு. தண்ணிகூடக் கொறையல."

போனைக் காதில் வைத்தபடியே ரவி திரும்பிப் பார்த்தான். நடுச்சாலையில் சீலன் குந்தியிருந்தான். தட்டு அவன் முன்னால். அண்ணாந்து பார்த்து, யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தான். கபோவுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனாலும் அவன் பீரைக் கீழே வைத்தான், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். எதைப் பார்த்தானோ, அவனிடம் அதை யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாடை போய்விட்டது. சீலன் திரும்பி வந்தான். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"ஒரு வாய்கூடச் சாப்பிடலடா. எவ்வளவு கெஞ்சியும் கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு."

சீலன் பச்சைப்பிள்ளை போல ரவி முகத்தையே பார்த்தான்.

"'எனக்குக் கொள்ளி வச்சது யாருய்யா?'ன்னு கேட்டுச்சு... ஏன்டா ரவி, அம்மா ஏன்டா அப்படிக் கேக்குது?"