கால் நனையாமல்

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னதைக் கேட்டதும் நாளிதழை மடித்துவிட்டேன்.

"கால் நனையக் கூடாதுன்னுதான்க்கா எங்க வீட்டுக்காரரு என்னைப் படகுல உக்கார வெச்சாரு."

"என்ன படகு?"

"அவரு கூட்டாளி வாங்கினது. தண்ணியில மிதக்கிற ரெண்டு பெரிய உருளை மேல பலகை அடிச்சு, நாற்காலி போட்டிருக்கும். கூட்டாளி ஜீப்பை ரிவர்ஸ் எடுத்து, படகை ட்ரெய்லரோட ஆத்தங்கரைச் சரிவுல எறக்கினாரு. அது மிதந்ததும் நான் கயித்தை வீசணும், இவரு கரையில நின்னு புடிக்கணும். ஒருத்தரும் நனைய வேணாம், ரொம்ப ஈசி லா, அப்படின்னாரு எங்க வீட்டுக்காரரு."

"வீசினியா?"

"நல்லாத்தான் வீசினேன். அவரு கோட்டை விட்டுட்டாரு. படகு என்னைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்குள்ள போவுது. எனக்கு எஞ்சினும் தெரியாது, நீச்சலும் தெரியாது."

"ஐயோ! அப்புறம்?"

"கால்ல போட்டிருந்த புதுச் சப்பாத்து, கைக்கடிகாரம் எல்லாத்தோடயும் குதிச்சு நீந்தி வந்தாரு."

"பயந்துட்டியா?"

"மொதல்ல பயம்தான்." அவள் குரல் தாழ்ந்தது. "அப்புறம் சிரிப்பு வந்துருச்சு. கல்யாணமாயி பதினெட்டு வருஷத்துல அவரு எங்கிட்ட அவ்வளவு அவசரமா வந்தது அன்னிக்குத்தான்க்கா."