ஜாமீன் கிடைத்த ஆள் எங்கே

கஞ்சி மொடமொடப்போடு புதுவேட்டி மணந்தால், வெளியூரில் வேலையாயிருந்த அப்பா வீடு திரும்பும் நாட்கள் எனக்குள் எழுந்து வரும். நேற்றுக் காலை ராஜபாளையத்தில் பேருந்து ஏறியபோதும் அப்படித்தான். முன்சீட்டுப் பெண்ணின் மடியில் இருந்தது அந்த வேட்டி. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுந்தரபாண்டியம் ஊர்க்கார அம்மாள் கேட்டாள்.

"ஏட்டி, யாருக்குப் புதுவேட்டி?"

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு, யக்கா. ஜாமீன் கெடச்சு நாலு நாளாச்சு. எந்த ஜெயில்ல இருக்காகன்னுதான் தெரியல."

சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த நான் திரும்பினேன்.

"என்னட்டி சொல்லுத? உள்ள வச்சவுகளுக்கே தெரியாதா?"

"எடம் பத்தலன்னு வேற ஜெயிலுக்கு மாத்திட்டாகளாம். எந்த ஊருன்னு நோட்டுல எழுத விட்டுப்போச்சாம். விடுதலைத் தாளு இங்க கெடக்கு, ஆளு எங்கயோ இருக்காக."

"எங்க மாட்டுக்குக் காதுல நம்பர் மாட்டியிருக்கு. டாக்டர் போன்ல தட்டுனா, யாரு மாடு, என்னைக்கு ஊசி போட்டது, அம்புட்டும் வருது."

"எங்க வீட்டுக்காரவுகளுக்கும் ஒண்ணு மாட்டச் சொல்லணும்."

இருவரும் சிரித்தார்கள். வேட்டி வைத்திருந்தவள்தான் முதலில் நிறுத்தினாள்.

"பொழுது அடைஞ்சா வெளிய விட மாட்டாகளாம், யக்கா. அதுக்குள்ள கோர்ட்டுல கேட்டுத் தெரிஞ்சுக்கிடணும்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்து நின்றதும் எழுந்தாள்.

"அங்கயும் தெரியாதுன்னா என்ன செய்வ?"

"தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கன்னு கேப்பேன். கையெழுத்துன்னதும் அவுகளே தேடுவாக, யக்கா. வாரேன்."