பனங்கூடல் பக்கத்துக் கண்ணாடி

...உது வீடே தம்பி, மீன்தொட்டி. யன்னல் சீலைக்கு அளவெடுக்க வந்தனீர், நீரே சொல்லும். நிலத்திலையிருந்து கூரை மட்டும் ஒரே கண்ணாடி. அங்காலை பனங்கூடல், பனைமரத் தோப்பு. குசினிக்கும் சுவர் இல்லை. நான் வெங்காயம் உரிச்சு அழுகிறது கூடலுக்குள்ளை போறவாற ஆக்களுக்கெல்லாம் தெரியுது.

முந்தின வீடெண்டால் ஆரும் வந்தால் கதவைச் சாத்திப்போட்டுப் பேசாமல் இருக்கலாம். இப்ப? கண்ணுக்குக் கண் பட்டிட்டுது எண்டால் கூப்பிடாமல் விடேலுமே? "வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" எண்டு வாய் தானாச் சொல்லுது. விடிஞ்சதிலையிருந்து உந்த அடுப்பு ஆறேல்லைத் தம்பி. எங்கடை மனுசன் பாத்துச் சிரிக்கிறார். அவருக்கென்ன, கதைக்க ஆள் கிடைச்சிட்டுது.

ஓம் ஓம், இந்தப் பக்கத்து அளவையும் எடும். அந்தப் பூச்சாடியைத் தள்ளிவிடும்.

ஆர், வீட்டுக்குப் பிளான் கீறின பிள்ளையோ? தனுஷிகா. உடுவில் பிள்ளை, நல்ல கெட்டிக்காரி. அவவைக் குறை சொல்லாதையும். அவ இந்தப் பக்கம் முழுக்கச் சுவர்தான் கீறினவ. வெளிச்சத்துக்கு மேலை சின்னனா ஒரு இடைவெளி, அவ்வளவுதான். ...ம்? அப்ப கண்ணாடி எங்காலை வந்ததோ?

அது வந்து... நான்தான். கனடாவிலை இருக்கிற மகன் லோஜனோடை ஃபோனிலை சண்டை பிடிச்சு, அந்தச் சுவரை எடுப்பிச்சனான். கூடலும் எங்கடை காணி தம்பி. ஆவணி வந்தால் விழுற பனம்பழத்தையெல்லாம் ஆரோ பொறுக்கிக்கொண்டு போகினம். குசினியிலை நிண்டபடியே ஆளைப் பிடிக்கலாம் எண்டு நினைச்சன்.

பிடிச்சனான்தான். பக்கத்து வீட்டு வித்தியா. ரெண்டு கையிலையும் என்ரை பழம். என்னைக் கண்டோடனை "அன்ரி, சுகமோ?" எண்டு சிரிக்கிறாள். ஏச வாய் வருமே? உள்ளை கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி குடுத்தன். பின்னேரம் பாத்தால், என்ரை பழத்திலை பணியாரம் சுட்டு எனக்கே கொண்டுவந்து தாறாள். நல்ல ருசி வேறை. கோவிக்கவும் ஏலாமல் கிடக்கு.

அதுதான், சீலையைப் போட்டு மூடுவம் எண்டு... நல்ல தடிப்பாப் போடும், வெளியிலை இருந்து பாத்தால் ஒண்டும் தெரியக்கூடாது. ...என்ன? உள்ளை இருந்தும் தெரியாதோ? அப்ப அவள் வந்தால் எனக்கென்னெண்டு தெரியும்?

கொஞ்சம் தள்ளி நில்லும், மறைக்கிறீர். ஆரோ உரப்பையோடை... வித்தியாதான்.

உந்த அளவு நாடாவைச் சுருட்டி வைச்சிட்டு இரும் தம்பி. உமக்கும் சேத்துத் தேத்தண்ணி ஊத்துறன்.