ஒரு வரி தள்ளி

பென்சில்: "பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஒரு சின்னத் தவறு செய்திருக்கிறேன். ஓய்வறைப் புத்தக அலமாரிக்கு மேல் ஒட்டியிருக்கும் கருத்துப் பட்டியலில்..."

அக்கா: இரு, இரு. இஸ்திரிப் பெட்டிய ஆஃப் பண்ணிக்கிறேன். நீ சின்னத் தவறுன்னு ஆரம்பிச்சா ரெண்டு நாள் ஓடும்.

பென்சில்: அஞ்சே வரிதான் அக்கா.

அக்கா: டைரின்னா யாரும் பாத்துடக்கூடாதுன்னு ஒளிச்சு வைப்பாங்க. காதுல பென்சிலோடவே திரிஞ்சு பென்சில்னே பேர் வாங்கினவ, நீ என்னன்னா சலவைக்கூடத்துல நின்னு சத்தமா வாசிக்கிற.

பென்சில்: சாயங்கால வகுப்புல தினமும் எழுதச் சொல்லியிருக்காங்க. அன்னிக்குப் பண்ணின தப்ப முதல்ல எழுதணும், மத்ததெல்லாம் அப்புறம். வாயால சொன்னா நான் குழப்பிடுவேன். எழுதினத வாசிச்சா வரிசையா வரும்.

அக்கா: சரி, வாசி. அந்தத் தலையணை உறை மேல உக்காராத. மூணாம் வார்டுக்குப் போகணும்.

பென்சில்: "...கருத்துப் பட்டியலில் எட்டாவது வரியிலிருந்து கடைசி வரை எல்லாம் ஒரு வரி தள்ளிப் போயிருக்கிறது. ஒரு புத்தகத்தின் கருத்து அடுத்த புத்தகத்துக்கு நேராக இருக்கிறது. மூன்று மாதமாக."

அக்கா: புரியல. படிச்ச மாதிரி பேசாம, பேசுற மாதிரி பேசு.

பென்சில்: படிச்ச புத்தகம் எப்படி இருந்துச்சுன்னு எல்லாரும் பேர் போடாம பெட்டியில கார்டு போடுறீங்கல்ல? அத நான்தானே நம்பர்படி பட்டியல்ல ஏத்துறேன். ஏழாவது எழுதிட்டிருந்தப்ப யாரோ கூப்பிட்டாங்க. திரும்பி வந்து எட்டாவது வரியிலயும் ஏழாவதோட கருத்தையே எழுதிட்டேன். அங்கேர்ந்து எல்லாம் ஒரு படி கீழ இறங்கிடுச்சு.

அக்கா: எப்பத் தெரிஞ்சுது?

பென்சில்: நேத்துதான். இருபத்து நாலாம் புத்தகத்துக்கு நேத்துதான் முதல் கார்டே வந்துச்சு. எழுதலாம்னு போனா, அங்க ஏற்கெனவே ஒரு கருத்து உக்காந்திருக்கு.

அக்கா: மூணு மாசமா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலையே.

பென்சில்: அதுதான் அக்கா எனக்குத் தாங்கல. பேய்க்கதைக்கு வந்த கருத்து, "மூன்று நாள் தூக்கமே இல்லை." அது குழந்தை வளர்ப்புக்கு நேரா இருக்கு.

அக்கா: சரியாத்தானே இருக்கு.

பென்சில்: அக்கா...

அக்கா: ரெண்டு பெத்தவ சொல்றேன். சரியா இருக்கு.

பென்சில்: குழந்தை வளர்ப்புக்கு வந்தது, "சொன்னபடி செய்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை." அது வாழ்க்கையில முன்னேறுறது எப்படிங்கற புத்தகத்துக்குப் போயிடுச்சு.

அக்கா: அதுலயும் தப்புச் சொல்ல முடியாது.

பென்சில்: முதுகுவலிப் பயிற்சிக்கு வந்தது, "தினமும் பத்து நிமிடம் போதும், நல்ல பலன்." அது காதல் நாவலுக்கு நேரா இருக்கு. பாய்லர் அண்ணன் அத நம்பி நாவலத் தூக்கிட்டுப் போயிட்டாரு.

அக்கா: பாவி மனுஷன். குனிஞ்சா நிமிர மாட்டாரே.

பென்சில்: முழுசாப் படிச்சு முடிச்சுட்டு கார்டும் போட்டிருக்காரு. "பயிற்சி கடைசிவரை வரவில்லை. ஆனால் படிக்கும்போது வலி தெரியவில்லை."

அக்கா: போதும்டி, சிரிச்சு எனக்கு வலி வந்துடும்... இத ஏன் திருத்தணும்? ஊருக்கே நல்லதுதானே நடந்திருக்கு.

பென்சில்: நாளைக்கு மேனேஜர் சார் ரெண்டு புத்தகத்தக் கழிக்கப் போறாரு. புதுசுக்கு இடம் வேணுமாம். எதுக்குக் கருத்து ரொம்ப மோசமா இருக்கோ அந்த ரெண்டு. ஒண்ணு மூணாவது, அங்க பட்டியல் சரியாத்தான் இருக்கு. இன்னொண்ணு பத்தொன்பது. முடிச்சுப் போடுற புத்தகம்.

அக்கா: டிரைவர் விட மாட்டாரே அத.

பென்சில்: அதப் பாத்துத்தான் அவரு மூட்டையே கட்டுறாரு. போன மழையில ஒரு மூட்டை கூட வண்டியிலேர்ந்து சரியல. அந்தப் புத்தகத்துக்கு நேரா என்ன எழுதி வச்சிருக்கேன் தெரியுமா? "இழுத்துக்கொண்டே போகிறது. பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன்."

அக்கா: முடிச்சுன்னா இழுக்கத்தான் செய்யும்.

பென்சில்: சிரிக்காதீங்க. அது பதினெட்டாம் புத்தகத்தோட கருத்து. பதினெட்டு யாரோடதுன்னு தெரியும்ல?

அக்கா: சாரோட நாவல்.

பென்சில்: அவரே எழுதி, அவரே அச்சடிச்சு, அவரே கொண்டாந்து அலமாரியில வச்சது.

அக்கா: அதுக்கு நேரா இப்ப என்னதான் இருக்கு?

பென்சில்: பறவைப் புத்தகத்தோட கருத்து. "படங்கள் மிக அருமை."

அக்கா: அந்த நாவல்ல மருந்துக்குக்கூட ஒரு படம் கெடையாது.

பென்சில்: அத சார் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டிருந்தாரு. "படிக்கறவங்களுக்குக் கண்ணு முன்னால படம் படமா விரியுதாம்"னு.

அக்கா: விடேன், சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும். நான் சொல்றதக் கேளு. முடிச்சுப் புத்தகத்த டிரைவர்கிட்டக் குடுத்து, நாளைக்கு ஒரு நாள் வண்டியிலயே வச்சுக்கச் சொல்லு. அலமாரியில இல்லாததக் கழிக்க முடியாதுல்ல? பட்டியல் பாட்டுக்கு இருக்கட்டும்.

பென்சில்: அது இல்லன்னா வேற ஒண்ணு போகும். அதுக்கும் தப்பான கருத்துதான் நேரா இருக்கும். நான் திருத்தத்தான் போறேன்.

அக்கா: உன்ன அரை மணி முன்னாடி வகுப்புக்கு அனுப்புற சீட்டு, அதுல வாரா வாரம் கையெழுத்துப் போடறது யாரு?

பென்சில்: சார்.

அக்கா: பரீட்சைக்கு இன்னும் எத்தனை வாரம்?

பென்சில்: ஏழு.

அக்கா: ஏழு கையெழுத்து பாக்கி. அந்த மனுஷன் ஆறு வருஷம் உக்காந்து எழுதின புத்தகத்துக்கு நேரா, "பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன்"னு உன் அழகான எழுத்துல எழுதி ஒட்டப் போற. அதுக்கப்புறம் போய் சீட்ட நீட்டுவ.

பென்சில்: தெரியும். நேத்து ஒரு பக்கம் முழுக்க அதத்தான் எழுதினேன், எழுதி எழுதி அடிச்சேன். கையெழுத்துக் கெடைக்கலன்னா முதல் அரை மணிப் பாடம் போகும். பக்கத்துல உக்காந்திருக்கறவகிட்ட நோட்டு வாங்கி எழுதிக்குவேன். பட்டியல் திருத்துறது திருத்துறதுதான்.

அக்கா: அழுத்தக்காரி.

பென்சில்: அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தக் கார்டு உங்களோடது.

அக்கா: எந்தக் கார்டு?

பென்சில்: பதினெட்டுக்கு வந்தது. துணி மேல வார்டு நம்பர் எழுதுற மாதிரி கட்டம் கட்டமா எழுதறது இங்க நீங்க ஒருத்தர்தான்.

அக்கா: ...சரி, என்னோடதுதான். பிடிக்கல, எழுதினேன். அதுக்குத்தானே பெட்டி வச்சிருக்க.

பென்சில்: நிஜமாவே பாதியில மூடிட்டீங்களா?

அக்கா: மூடிட்டேன்.

பென்சில்: ரெண்டு தடவை எடுத்திருக்கீங்க. பதிவேட்டுல இருக்கு. ரெண்டாவது தடவை பதினோரு நாள் வச்சிருந்தீங்க.

அக்கா: உனக்கு வேற வேலையே இல்லையா?

பென்சில்: பொய்யான கருத்தக் கொண்டுபோய் சரியான வரியில எழுதி என்ன பிரயோஜனம் அக்கா? அத நம்பி நாளைக்கு சாரோட புத்தகம் வெளிய போகும். நிஜத்தச் சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?

அக்கா: நல்லா இருந்துச்சு. போதுமா? முன்பாதி இழுவைதான், அதுல பொய் இல்ல. அந்தப் பொம்பள வந்ததுக்கப்புறம் கீழ வைக்க முடியல. புருஷன் விட்டுட்டுப் போயிடுறான். அக்கம்பக்கத்துல தெரியக்கூடாதுன்னு அவன் சட்டைய வாரா வாரம் துவைச்சுக் கொடியில போடுறா. எடுத்து இஸ்திரி போட்டு மடிச்சு வைக்கறா. அடுத்த வாரம் மறுபடியும் எடுத்துத் துவைக்கறா. அழுக்கே இல்லாத சட்டைய, ஒரு வருஷம்.

பென்சில்: ...தெரியும்.

அக்கா: அது நான்டி. நீலக்கோடு போட்ட சட்டை. அந்தக் கோட்டக்கூட மாத்தல. என் வீட்டுக் கொடியில தொங்கினது இப்ப இங்க அலமாரியில நம்பர் போட்டு நிக்குது. யார் வேணும்னாலும் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போகலாம். அதுலயும் சார் என்ன அப்படியே எழுதியிருக்காரேன்னு அழுதுட்டே படிச்சிருக்கேன். அந்த ஆத்திரத்துல வேற என்னத்த எழுதறது?

பென்சில்: இதையே எழுதலாம்.

அக்கா: எழுதினா அவ நான்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.

பென்சில்: தெரிஞ்சா?

அக்கா: ...என்னத்த, ரெண்டு நாள் பேசுவாங்க. பசங்க வளந்துட்டாங்க. இனிமே கொடியில என்ன தொங்குதுன்னு எவ எட்டிப் பாக்கப் போறா.

பென்சில்: அக்கா... இவ்வளவு நேரம் பேசினோம். அவருக்கு இது எப்படித் தெரிஞ்சுதுன்னு நீங்க ஒரு தடவை கூடக் கேக்கலையே.

அக்கா: நீயும்தான் கேக்கல.

பென்சில்: நான்... கேக்க வேண்டியதில்ல. நான்தான் சொன்னேன்.

அக்கா: ம்.

பென்சில்: போன வருஷம் அவரோட நாவல நான்தான் உக்காந்து படியெடுத்துக் குடுத்தேன், சாப்பாட்டு நேரத்துல. அதுக்குப் பதிலாத்தான் அந்த அரை மணிச் சீட்டு. அவர் எழுதினதுல அந்தப் பொம்பள சும்மா அழுதுட்டே இருந்தா. "நிஜத்துல யாரும் இப்படி உக்காந்து அழ மாட்டாங்க சார்"னு என் கருத்தச் சொன்னேன். "பின்ன என்ன பண்ணுவாங்க"ன்னு கேட்டாரு. உங்க பேரச் சொல்லல. சட்டையச் சொல்லிட்டேன். ஒரு புத்தகம் நல்லா வரணும்னு... இல்ல, அது சாக்கு. நான் சொன்னத ஒருத்தர் நோட்டுல எழுதிக்கிறாரேன்னு பெருமையா இருந்துச்சு. பட்டியல் தப்ப அஞ்சு வரியில எழுதிட்டேன். இத எத்தனையோ நாளா ஒரு வரி எழுத வரல.

அக்கா: எனக்குப் படிச்ச அன்னிக்கே தெரியும். அந்தச் சட்டை விஷயத்த நான் பெத்த பசங்ககிட்டக்கூடச் சொன்னதில்ல, உன்கிட்டத்தான் சொன்னேன். அந்தக் கார்டு சாருக்காகப் போட்டதுன்னா நினைச்ச? பட்டியல்ல ஏத்தப் போறது நீதானே. உன் கையாலயே, ஒரு எழுத்து விடாம எழுதட்டும்னுதான் போட்டேன். நீ அதக் கொண்டுபோய் முடிச்சுக்கு நேரா எழுதி வச்சுட்ட. நான் மூணு மாசமா தினமும் அத அண்ணாந்து பாத்துட்டு வாயத் தொறக்காம நின்னிருக்கேன், இப்பக்கூட ஒண்ணும் தெரியாத மாதிரிதான் கேட்டேன். சரி, காதுலேர்ந்து பென்சில எடு. நாளைக்கு என்னென்ன பண்ணணும்னு எழுது. பதினெட்டுக்கு இப்ப நான் சொன்னத, என் பேரப் போட்டே.

பென்சில்: "நாளை, புதன்கிழமை. ஏழரை மணிக்கு வர வேண்டும். சார் வருவதற்குள் பட்டியலை எட்டாவது வரியிலிருந்து புதிதாக எழுதி ஒட்ட வேண்டும். பதினெட்டாம் வரியில், கதை நன்றாக இருக்கிறது, சட்டை என்னுடையது, என்னைக் கேட்கவில்லை என்று எழுத வேண்டும். அதற்குக் கீழே அக்காவின் பெயர். அதற்கும் கீழே, அக்காவைக் கேட்காமல் சொன்னது நான் என்று, என் பெயர்."